1911 பிஸ்டலை அரத்தோடு அணுகாதீர்கள்

1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற வடிவமான 1911 வகைப் பிஸ்டலை முதன்முறையாக வாங்குகிறவர்கள், வாங்கிய இரண்டு வாரத்துக்குள் தபாலில் வரப்போகும் ஒரு பார்சலுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கனமான ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குள் போகும் நீளமான கைடு ராடு, புதிய டிரிக்கர், பாலிஷ் போடும் சாமான் எல்லாம் அதில் இருக்கும். துப்பாக்கியில் இன்னும் நூறு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டார்கள். இங்கே டெக்சஸில் எங்கள் சுடுதளத்துக்கு வரும் புதியவர்களிடம் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தப் பார்சல்களில் பாதியை ஒரு காலத்தில் நானும் வாங்கியவன் என்பதால் சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

விரலை டிரிக்கரில் வைக்காதே, குழல் முனையை ஆளுக்கு நேரே திருப்பாதே என்பவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் கையில் துப்பாக்கியே இருக்கக் கூடாது. துப்பாக்கியைக் கவனமாகக் கையாளுகிறவர்களும், படித்தவர்களும், கைவேலை தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன். கைவேலை தெரிந்தவர்கள்தான் இதில் அதிக ஆபத்தானவர்கள்.

பழைய புகழை நம்பி எண்ணெய் போடாமல் விடுவது

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில், ஜான் பிரவுனிங் வடிவமைத்த, கோல்ட் (Colt) நிறுவனத்தின் பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு முறைகூடச் சிக்காமல் சுட்டது. அதே மாதம் 29ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1985இல் பெரெட்டா நிறுவனத்தின் பிஸ்டல் வரும்வரை அதுவே அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கி. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சோதனையிலேயே இடையிடையே நிறுத்தித் துடைத்து எண்ணெய் போட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இது எஃகின் மேல் எஃகு உரசி ஓடும் பழைய கால இயந்திரம். இன்றைய பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஸ்டல்களைப்போல் வறண்டு கிடந்தாலும் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதிதான் ஸ்லைடு. அது ஓடும் இரண்டு தண்டவாளங்களிலும் ஆளுக்கொரு சொட்டு, குழலின் மேற்பக்கப் பற்களில் ஒரு சொட்டு, குழல் முனை, தன்னைச் சுற்றியிருக்கும் வளையமான புஷ்ஷிங்கோடு உரசும் இடத்தில் ஒரு சொட்டு. ஸ்லைடை நான்கைந்து முறை இழுத்துவிட்டால் ஓரங்களில் எண்ணெய் மினுங்க வேண்டும். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் மட்டும் எண்ணெய் ஊற்றாதீர்கள். அங்கே அது கரியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் உதைப்பு குறையும் என்ற நம்பிக்கை

ஐந்து அங்குலக் குழல் கொண்ட .45 (அங்குல விட்டக் குண்டு) பிஸ்டலுக்கு, ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வழக்கமாக 16 பவுண்டு விசை கொண்டது. புதியவர் 20 பவுண்டு வாங்கிப் போடுகிறார். ஸ்லைடு பின்னால் வரும் வேகம் குறைவது உண்மைதான். ஆனால் திரும்பிப் போகும்போது அதே ஸ்பிரிங் அதை ஓங்கி அறைகிறது, குழல் முனை கீழே குனிகிறது, அடுத்த குண்டுக்குக் குறி மறுபடி தேட வேண்டியிருக்கிறது. சாதாரணத் தோட்டாவாக இருந்தால் ஸ்லைடு சில நேரம் முழுதாகப் பின்னால் போவதே இல்லை. அப்போது வெளியே தெறிக்க வேண்டிய காலிக்கூடு, ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவில் செங்குத்தாக நின்றுவிடுகிறது.

16 பவுண்டைப் போடுங்கள். சில ஆயிரம் குண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதிகச் செலவில்லாத காரியம்.

ரேம்ப்பைப் பாலிஷ் போடுவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் உச்சியில் இருக்கும் தோட்டாவை ஸ்லைடு முன்னால் தள்ளும்போது, குண்டின் மூக்கு கைப்பிடியோடு கூடிய கீழ் உடலான ஃபிரேமில் உள்ள சிறிய சரிவில் ஏறி, குழலின் பின்பக்க வாய்க்குள் சறுக்கிப் போகிறது. அந்தச் சரிவுதான் ரேம்ப். தோட்டா சிக்கியதும் துப்பாக்கிக்காரர் கழற்றிப் பார்க்கிறார். ரேம்ப்பில் கருத்த தடம் தெரிகிறது, லேசான கீறல்கள் தெரிகின்றன. "சொரசொரப்பாக இருப்பதால்தான் சிக்குகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு சுழல் சாணைக் கருவி இருக்கிறது. அரை மணி நேர வேலை.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் மைத்துனர் தன் பிஸ்டலை என்னிடம் கொண்டுவந்தார். மென்பொருள் வேலை, கைக்கு நேர்த்தி உண்டு. ஸ்லைடைக் கழற்றி, "அண்ணா, முகம் பார்க்கலாம் போலிருக்கிறது பாருங்கள்" என்று காட்டினார். உண்மையிலேயே முகம் தெரிந்தது. ஆனால் ரேம்ப்பின் மேல் விளிம்பு கூர்மையாக இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டியின் ஓரம்போல் உருண்டிருந்தது. "இப்போது எப்படிச் சிக்குகிறது?" என்று கேட்டேன். "முன்பு மேகசினுக்கு ஒரு முறை சிக்கும். இப்போது இரண்டு மூன்று முறை" என்றார்.

ஏன் என்று சொல்கிறேன். ரேம்ப்பின் மேல் விளிம்புக்கும் குழல் வாயின் கீழ் விளிம்புக்கும் இடையே ஒரு சிறு படி இருக்க வேண்டும். குழலைப் பின்னாலும் கீழேயும் அழுத்திப் பிடித்துப் பார்த்தால், அது ரேம்ப்பின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். சரிவை ஏறிவரும் குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் விழுகிறது. ரேம்ப்பைத் தேய்க்கத் தேய்க்க அதன் மேல் விளிம்பு முன்னால் நகர்கிறது, இடைவெளி சுருங்குகிறது. கடைசியில் குழலின் உதடு ரேம்ப்பின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் நிலை வருகிறது. குண்டின் மூக்கு வழுக்கிப் போகாமல் அந்த உதட்டில் முட்டுகிறது. சரிவின் கோணமும் மாறியிருக்கும். அந்தக் கோணம் சுமார் முப்பத்தொன்றரை டிகிரி. வெறும் கையில் பிடித்த சாணைக் கருவியால் யாரும் ஒரு கோணத்தைக் காப்பாற்றியதில்லை.

இப்போது சிலர் அடுத்த தவறுக்குப் போவார்கள். ஃபிரேமை விட்டுவிட்டுக் குழலின் வாயைத் தேய்ப்பார்கள். இது வேறு விதமான ஆபத்து. வெடிக்கும் நேரத்தில் தோட்டாக்கூட்டின் அடிப்பகுதியைத் தாங்கிப் பிடிப்பதே அந்த உலோகம்தான். அதைக் குறைத்தால் கூடு உப்பும். மிகவும் குறைத்தால் அந்த இடத்தில் கிழிந்து, வெடிப்பின் சூடான வாயு மேகசின் வழியாகக் கைக்குள் பாயும்.

அலுமினிய ஃபிரேம் என்றால் இன்னும் மோசம். அதன் மேல்தோல் மட்டும்தான் கடினமானது. பாலிஷ் போடுகிறேன் என்று அந்தத் தோலை எடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான உலோகத்தை ஒவ்வொரு குண்டும் குத்திக் குழியாக்கும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கச் சட்டப்படி வரிசை எண் பொறித்த ஃபிரேம்தான் துப்பாக்கி. மற்றவையெல்லாம் உதிரிப் பாகங்கள். குழலோ ஸ்லைடோ போனால் தபாலில் வாங்கிக்கொள்ளலாம். ஃபிரேம் போனால் உரிமம் பெற்ற கடைக்குப் போய், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, புதுத் துப்பாக்கி வாங்குவதுபோல்தான் வாங்க வேண்டும். பிறகு பழைய ஸ்லைடை அதற்குப் பொருத்தும் கூலி. கெட்ட ரேம்ப்பை வெட்டியெடுத்து எஃகுத் துண்டு பதிக்கும், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்துகள் இருக்கிறார்கள். அவர்கள் இலவசமாகச் செய்வதில்லை.

இவ்வளவும் எதற்காக? அந்த மைத்துனரின் துப்பாக்கியில் முதலிலிருந்தே கோளாறு ரேம்ப்பில் இல்லை. அவரிடம் இருந்த இரண்டு மேகசின்களில் ஒன்றின் உதடுகள் விரிந்திருந்தன. எங்கேயோ கான்கிரீட் தரையில் விழுந்திருக்க வேண்டும். விரலால் தொட்டாலே தோட்டா துள்ளிக் கிளம்பியது. முப்பது டாலர் பண்டத்தின் குற்றத்துக்கு ஆயிரம் டாலர் பண்டத்தைத் தண்டித்திருக்கிறார்.

ஆகவே சிக்கியதும் கழற்றாதீர்கள், குழல் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு உற்றுப் பாருங்கள். குண்டின் மூக்கு ரேம்ப்பில் தாழ்வாக முட்டி நின்றால் பெரும்பாலும் மேகசின். கடைசித் தோட்டா மட்டும் சிக்கினால் கண்டிப்பாக முதலில் மேகசினையே சந்தேகப்படுங்கள், அதன் ஸ்பிரிங் களைத்திருக்கும். மூக்கு குழலுக்குள் மேல்நோக்கிப் போய், ஸ்லைடு முழுதும் மூடாமல் நின்றால் காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பிடி இறுகியிருக்கலாம். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதுங்கள். எந்த எண்ணில் சிக்கியது என்று குறித்துக்கொண்டு வந்தால், குற்றவாளி தானாக வெளியே வந்துவிடுவான்.

எக்ஸ்ட்ராக்டரைச் சோதிப்பது எளிது. ஸ்லைடைத் தனியே எடுத்து, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவின் அடியை அந்தக் கொக்கிக்குள் கீழிருந்து நுழையுங்கள். அதிக வலுவில்லாமல் நுழைய வேண்டும். மெதுவாக ஆட்டினால் விழக் கூடாது. உடனே விழுந்தால் பிடி தளர்ந்திருக்கிறது. அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் பிடி அதிகம். வளைத்துச் சரிசெய்யும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தவறினாலும் போவது எக்ஸ்ட்ராக்டர் மட்டும்தான்.

ரேம்ப்பில் உள்ள கரியைத் துணியால் துடையுங்கள். அதற்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம்.

தோட்டாவை நேராகக் குழலுக்குள் போட்டு ஸ்லைடை விடுவது

எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உடையும். மேகசினிலிருந்தே ஏற்றுங்கள்.

காலித் துப்பாக்கியில் ஸ்லைடைப் படாரென்று விடுவது

கையால் பிடித்துக் கொண்டுபோய் மூடுங்கள். அடுத்தவர் துப்பாக்கியாக இருந்தால் இரட்டிப்புக் கவனம், அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

டிரிக்கரை வீட்டில் இளக்குவது

வேண்டாம். ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரும், அந்தச் சுத்தியலின் கொக்கியும் சந்திக்கும் இடம் மயிரிழை அளவு. அங்கே சாணைக்கல்லை வைத்தால், ஒரு முறை அழுத்தியதற்கு இரண்டு குண்டு போகும் துப்பாக்கி கிடைக்கலாம்.

கைக்குப் பொருந்தாததைக் கையால் சமாளிப்பது

உலோகத்தை வெட்டத் துடிக்கும் அதே ஆட்கள், கழற்றி மாற்றக்கூடிய பாகங்களைக் கண்டுகொள்வதில்லை. இந்தத் துப்பாக்கியைக் கைக்கேற்ப மாற்றுவது ராணுவமே செய்த வேலை. முதல் உலகப் போரில் வந்த புகார்களுக்குப் பிறகு, 1920களில் 1911ஏ1 என்று வந்த திருத்தத்தில் டிரிக்கரைக் குட்டையாக்கினார்கள், டிரிக்கருக்குப் பின்னால் ஃபிரேமில் விரலுக்கு இடம் செதுக்கினார்கள், கைப்பிடியின் பின்பக்கத்தை வளைவாக்கினார்கள், கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடவிடும் கிரிப் சேஃப்டியின் வாலை நீட்டினார்கள். இவற்றில் பெரும்பாலானவை இன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன.

கை சிறியதென்றால் முதலில் பக்கத் தகடுகளை மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். பிறகு குட்டை டிரிக்கர். குண்டுகள் தொடர்ந்து தாழ்ந்தோ உயர்ந்தோ போகின்றன என்றால், பின்பக்கம் தட்டையா வளைவா என்பதை மாற்றினாலே பிடியின் சாய்வு மாறும். கட்டைவிரலைப் பக்கவாட்டுச் சேஃப்டி நெம்புகோலின் மேல் வைத்துப் பிடிக்கும்போது உள்ளங்கை விலகி, கிரிப் சேஃப்டி அழுந்தாமல், டிரிக்கர் அசையவே இல்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. அதன் கீழ்ப்பகுதியில் மேடு வைத்த கிரிப் சேஃப்டி கிடைக்கிறது. அதை மாட்டும்போது, அழுத்தினால் மட்டும்தான் டிரிக்கரை விடுகிறதா என்று சோதிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைச் சுத்தியல் கடிக்கிறது என்பதற்காக அகலமான வால் பொருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஃபிரேமின் பின்முனைகளை அறுக்க வேண்டும். புதிய துப்பாக்கியில் கன்ஸ்மித் செய்தால் தவறில்லை. தாத்தா விட்டுச் சென்ற போர்க்காலத் துப்பாக்கியில் கை வைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இவற்றைத் தட்டச்சு இயந்திர நிறுவனமான ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் நிறுவனமும்கூடச் செய்தன. நம் வீடுகளில் தையல் இயந்திரமாகத் தெரிந்த சிங்கர் செய்தது 500 மட்டும். அப்படி ஒன்று உங்கள் அலமாரியில் இருந்து அதை நீங்கள் அறுத்தால், உங்களைச் சேகரிப்பாளர்கள் மன்னிக்க மாட்டார்கள். அத்தகைய பழைய துப்பாக்கிகள் 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) எடையுள்ள உருண்டை மூக்குக் குண்டுக்காகச் செய்யப்பட்டவை. குழிமூக்குக் குண்டு சிக்கினால் குற்றம் துப்பாக்கியுடையது அல்ல. உருண்டை மூக்கைப் போடுங்கள், பழைய ஸ்பிரிங்குகளை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

கழற்றும்போது கண்ணாடி போடாதது

குழலுக்கு அடியில் ரீகாயில் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் சிறிய மூடி, புஷ்ஷிங்கைத் திருப்பியதும் பறக்கும். என் பட்டறையில் ஒரு குழல் விளக்கு அப்படிப் போனது. பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். திரும்ப மாட்டும்போது ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப்பை ஃபிரேமின் மேல் வளைவாக இழுக்காமல், கீழிருந்து நேராக உள்ளே தள்ளுங்கள். இல்லையென்றால் இடப்பக்கத்தில் அரைவட்டக் கீறல் விழும். விற்கப் போகும்போது கடைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.