ஜிபிஎஸ் பாசிடிவ் வந்தால் நான்கு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள எடிசனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி கைப்பேசியில் பரிசோதனை முடிவைத் திறந்தேன். பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்த பரிசோதனை அது. "குரூப் பி ஸ்ட்ரெப்: பாசிடிவ்" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஒரு பாக்டீரியாவின் பெயர் அது, சுருக்கமாக ஜிபிஎஸ். எனக்கு அப்போது 36 வாரம் முடிந்து மூன்று நாள். டாக்டரின் அலுவலகத்தை ஐந்து மணிக்கே மூடிவிட்டார்கள். பிரசவம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். "உடம்பில் ஏதாவது அசுத்தம் சேர்ந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் பேசும்வரை நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன். உங்களுக்கும் அந்த முடிவு வந்திருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது அசுத்தத்தால் வருவதில்லை. பால்வினை நோயும் இல்லை. கணவரைச் சந்தேகிக்க இதில் எதுவும் கிடையாது. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் பாக்டீரியா இது. அங்கிருந்து பிறப்புறுப்புக்கும் வந்துவிடும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் இது இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால்தான் ஆபத்து: ரத்தத்தில் நச்சு, நிமோனியா, சில சமயம் மூளைக்காய்ச்சல். மருந்து கொடுக்காவிட்டால் இப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 200-இல் ஒன்று நோயுறும் என்றும், வலி எடுத்த பிறகு மருந்து கொடுத்தால் அது 4,000-இல் ஒன்றாகக் குறையும் என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் அம்மாவுக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதன் பிறகே அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

"மாத்திரை இருந்தால் இப்போதே போட்டுக்கொண்டால் என்ன?" என்று அடுத்துக் கேட்டாள். பலருக்கும் தோன்றும் கேள்விதான். இப்போது மாத்திரை விழுங்கினால் கிருமி அடங்கும், ஆனால் அதன் வீடு குடல் என்பதால் பிரசவத்துக்குள் திரும்பிவிடும். மருந்து வலி எடுத்த பிறகு, ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற வேண்டும். பிறப்புறுப்புக்குள் பூண்டு வைப்பது, உள்ளே கழுவுவது போன்றவற்றைச் செய்யவே வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப் பரிசோதனையில் இதே கிருமியால் தொற்று என்று தெரிந்தால் அதற்கு உடனே மாத்திரை தருவார்கள். அவர்களுக்குப் பிறகு பஞ்சுக்குச்சிப் பரிசோதனை தேவையில்லை. பாசிடிவ் என்றே கொண்டு பிரசவத்தில் மருந்து ஏற்றுவார்கள்.

எனக்கு இருந்த உண்மையான சிக்கல் வேறு. என் கோப்பில் "பென்சிலின் ஒவ்வாமை" என்று எழுதியிருந்தது. இதற்கான முதல் மருந்தே பென்சிலின்தான். எழுதியது யார்? முதல் சந்திப்பில் நானே சொன்னது, சின்ன வயதில் கேள்விப்பட்டதை வைத்து. அம்மாவைக் கேட்டேன். நான்கு வயதில் ஏதோ ஒரு மருந்துத் தண்ணீர் குடித்து மூன்றாம் நாள் முதுகில் தடிப்பு வந்ததாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இல்லையாம். டாக்டர் இதைக் கேட்டுவிட்டு ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பினார். கர்ப்பத்திலும் அந்தத் தோல் சோதனையைப் பாதுகாப்பாகச் செய்யலாம். கையில் குத்திப் பார்த்தார்கள், பிறகு வாய்வழியாக ஒரு வேளை மருந்து கொடுத்துக் காத்திருக்க வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முப்பது ஆண்டுகளாக நான் சுமந்த பெயரை ஒரே காலையில் அழித்துவிட்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பழைய கதை இருந்தால் அம்மாவிடமோ பாட்டியிடமோ விவரமாகக் கேளுங்கள்: எந்த மருந்து, எத்தனையாவது நாள், என்ன ஆயிற்று. ஒவ்வாமை உண்மையாகவே இருந்தால், பஞ்சுக்குச்சி எடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். எந்த மாற்று மருந்து இந்தக் கிருமியிடம் வேலை செய்யும் என்று ஆய்வகத்தில் சேர்த்துப் பார்ப்பார்கள். பிரசவ அறையில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

இனி நேரக் கணக்கு. மருந்து ஏறத் தொடங்கிக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை பிறப்பதுதான் நல்லது. என் மூத்தவன் வலி தொடங்கிய ஐந்து மணி நேரத்தில் பிறந்தவன். இரண்டாவது இன்னும் வேகமாக வரும் என்றார்கள். ஆகவே, "ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்த பிறகு கிளம்புங்கள்" என்ற பொது அறிவுரை எனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டேன். பொருந்தாது, வலி சீரானதும் கிளம்பு, பனிக்குடம் உடைந்தால் வலி வராவிட்டாலும் கிளம்பு என்றார். நீங்களும் உங்கள் கணக்கை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நள்ளிரவில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, வண்டியை யார் ஓட்டுவது, பனி பெய்தால் எந்தச் சாலை என்பதெல்லாம் அன்றே முடிவாகட்டும்.

பைக்குள் ஒரு மஞ்சள் அட்டை வைத்தேன்: "ஜிபிஎஸ் பாசிடிவ், பரிசோதித்த தேதி இது, பென்சிலின் ஒவ்வாமை இல்லை, சோதித்தாயிற்று." கோப்பு கணினியில் இருந்தாலும் வாயால் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்ததும் நான் தொலைபேசியில் சொன்ன முதல் சொல் அதுதான். வரவேற்பு மேசையிலும் சொன்னேன், செவிலியரிடமும் சொன்னேன். 3:40-க்கு முதல் மருந்து ஏறியது, 50 லட்சம் யூனிட். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் பாதியளவு. ஏறும்போது கை எரிந்தது. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சொன்னதும் வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டு மருந்துகளுக்கு நடுவே குழாயைக் கழற்றிவிட்டதால் நடக்கவும் முடிந்தது. 7:40-க்கு இரண்டாவது. 8:50-க்கு மகள் பிறந்தாள்.

பாசிடிவ் என்பதற்காக அறுவைச் சிகிச்சை தேவையில்லை. வேறு காரணத்துக்காக நாள் குறித்த அறுவைச் சிகிச்சை என்றால், வலியும் எடுக்காமல் பனிக்குடமும் உடையாமல் இருக்கும்வரை இந்த மருந்து வேண்டாம். ஆனாலும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குறித்த நாளுக்கு முன்பே வலி வரலாம்.

நான்கு மணி நேரம் கிடைக்காமலே குழந்தை பிறந்துவிட்டாலும் உடைந்துபோகாதீர்கள். ஏறிய அளவுக்குப் பலன் உண்டு. குழந்தையை 36 முதல் 48 மணி நேரம்வரை கவனமாகப் பார்ப்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரசவத்தில் ஏற்றும் மருந்து முதல் வாரத்தில் வரும் நோயைத்தான் தடுக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதம்வரை வரக்கூடிய நோயைத் தடுப்பதில்லை. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, முனகி முனகி மூச்சு விடுவது, தோல் நீலம் பூப்பது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லென்று போவது: இவற்றில் எதைக் கண்டாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் தொட்டாலே மருத்துவமனைதான். அம்மா இதைத் தன் கையால் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தாள், தெர்மாமீட்டரைப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

அமெரிக்காவில் 36, 37-ஆவது வாரங்களில் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. இந்தியாவிலும் இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் என் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம். 36-ஆவது வாரம் டாக்டரைப் பார்க்கும்போது இதைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மஞ்சள் அட்டையைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறேன்.