ரொறொன்ரோ நகரசபையின் இலவச நிகழ்ச்சிகளுக்கு வீட்டிலுள்ள எல்லோரோடும் போய் வருவது எப்படி

இதை முதலில் என் மச்சாளுக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். அவள் பிள்ளைகளோடும் மாமியோடும் நகரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் நகரசபைக் கட்டிடமான சிற்றி ஹோலின் முற்றத்தைக் கூடப் பார்க்கவில்லை. கேட்டால், "டவுன்ரவுன் போய் வந்தால் ஐம்பது டொலர் போய்விடும், அதோடு அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு வைக்கிற விழாத்தானே" என்கிறாள். இரண்டுமே சரியில்லை. நகரசபை நடத்துகிற பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, நடத்துகிற செலவில் நீங்கள் கட்டுகிற வரியும் இருக்கிறது, போக உங்களுக்கு எல்லோரையும் போல உரிமை உண்டு.

போய்விட்டு "இனிமேல் வேண்டாம்" என்று திரும்பி வருகிறவர்களையும் எனக்குத் தெரியும். அநேகமாக எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான்: வீட்டில் வேகமாக நடக்கிறவர் திட்டம் போடுகிறார், மெதுவாக நடக்கிறவர் அதன் பின்னால் இழுபடுகிறார். திட்டத்தை மெதுவாக நடப்பவரை வைத்துப் போடுங்கள். முழங்கால் வலியோடு வரும் அம்மம்மாவோ, தள்ளுவண்டியில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையோ, அவர்களுக்கு எத்தனை நிமிடம் நிற்க முடியும், எத்தனை மணிக்குப் பசிக்கும், எப்போது கழிவறை தேவைப்படும் என்று முதலில் யோசியுங்கள். மற்றவர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

எதற்குப் போவது? வருடத்தில் நான் தவறவிடக்கூடாது என்று சொல்வது மூன்றுதான். மே மாதக் கடைசிப் பக்கம் ஒரு சனி ஞாயிறில் நகரத்துக் கட்டிடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் டோர்ஸ் ஓப்பின், இலையுதிர் காலத்தில், அநேகமாக ஒக்ரோபர் முதற் சனிக்கிழமை, இரவு முழுக்க நடக்கும் கலை விழாவான நுயி பிளான்ஷ், நவம்பர் கடைசியில் சிற்றி ஹோல் முன்னால் பெரிய நத்தார் மரத்துக்கு விளக்கேற்றும் விழா. கனடா தினத்து வாணவேடிக்கையும் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் முதல் தடவையாக வயதானவர்களோடு போவதற்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஆஷ்பிரிட்ஜஸ் பே கரையில் இரவு பத்து மணிக்குத் தொடங்குகிற வெடி முடிந்ததும் அவ்வளவு சனமும் ஒரே நேரத்தில் ஸ்ரீற்கார் என்கிற தெரு ரயிலுக்குப் போகும். போனால், முடிந்த உடனே எழும்பாமல் அரைமணி, முக்கால் மணி நேரம் அதே இடத்தில் விரித்த பாயில் இருந்து, கொண்டுபோன தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

திகதிகள் வருடத்துக்கு வருடம் ஒரு கிழமை முன்பின் நகரும், ஆகவே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பி வெளிக்கிட வேண்டாம். நகரசபையின் இணையத்தளத்தில் நிகழ்ச்சிப் பட்டியல் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாசிக்கக் கஷ்டமென்றால் நகரசபையின் தகவல் எண்ணான 311க்குத் தொலைபேசி எடுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருப்பார், 180க்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துத் தருவார்கள், தமிழும் உண்டு. எடுத்ததும் "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள், வைத்துவிட வேண்டாம். என் அம்மா இப்போது குப்பை எடுக்கிற நாள் கேட்பதற்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறார். கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்குத் தொடக்கம், முன்பதிவு வேண்டுமா, சக்கர நாற்காலி போகுமா, மழை பெய்தால் நடக்குமா.

சரி, போகிற வழி. காரை விட்டுவிடுங்கள். பார்க்கிங் காசும், மூடின தெருக்களைச் சுற்றி வருகிற நேரமும் சேர்ந்தால் அன்றைய சந்தோசம் பாதி அங்கேயே போய்விடும். நகரத்து பஸ், ரயில்களை ஓட்டுகிற ரிரிசியில் 12 வயது வரைக்கும் பிள்ளைகளுக்குக் காசில்லை. அவர்களுக்கும் கட்டணம் கட்டத் தட்டுகிற பிரெஸ்ரோ கார்ட் ஒன்று எடுத்துப் பிள்ளைகள் என்று பதிந்து வைத்தால் கதவடியில் மினக்கெடத் தேவையில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் கார்ட்டை முதியோர் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். ஷொப்பர்ஸ் மருந்துக்கடையில், வயதுக்கு அத்தாட்சி காட்டினால், ஒரு தடவையில் முடிகிற வேலை, அதைச் செய்யாமல் வருடக்கணக்காக முழுக்காசு கட்டுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கார்ட்டைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவையும் ஏறி இறங்கலாம். ஸ்காபரோவில் இருந்த சின்ன ரயில் 2023 யூலையில் தடம்புரண்டதோடு நின்றுவிட்டது, இப்போது பஸ்ஸில் கெனடி நிலையம் போய்த்தான் நிலத்தடி ரயிலான சப்வே பிடிக்க வேண்டும், அதற்கான நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஞாயிறு காலையில் சப்வே எட்டு மணியளவில்தான் தொடங்கும். சனி ஞாயிறுகளில் திருத்த வேலைக்காக ஒரு துண்டுப் பாதையை மூடுவதும் அடிக்கடி நடக்கும், முதல் நாள் இரவே பார்த்து வையுங்கள்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் போகமுடியும் என்றால் டோர்ஸ் ஓப்பினுக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. மற்ற நாளில் பொதுமக்களை உள்ளே விடாத, அல்லது காசு வாங்கிக்கொண்டு விடுகிற நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களை இரண்டு நாளைக்குத் திறந்துவிடுவார்கள். நீதிமன்றம், கோவில், தேவாலயம், பழைய தொழிற்சாலை, ரயில் திருத்தும் பட்டறை என்று பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். சில வருடங்களில் பே சப்வே நிலையத்துக்குக் கீழே இருக்கிற இன்னொரு நிலையத்தைத் திறந்திருக்கிறார்கள், 1966இல் ஆறே ஆறு மாதம் பயணிகள் பயன்படுத்திவிட்டு மூடியது அது. ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பட்டியலில் அதை முதலில் தேடுங்கள்.

பட்டியலைப் பார்த்ததும் ஐந்து இடம், ஆறு இடம் என்று குறித்து வைக்கத் தோன்றும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். அநேகமான கட்டிடங்கள் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், ஆனால் வரிசையை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். ஒரு வருடம் நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போய், ஒரு கட்டிடத்தின் வாசலில் நாலரை மணிக்கு "இனி ஆள் எடுக்க முடியாது" என்று கேட்டுத் திரும்பினோம், பிள்ளைகள் வரும் வழியெல்லாம் அழுதார்கள். பெரிய இடத்துக்குக் காலையில், திறப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். வாசலில் நிற்கிற தொண்டரிடம் அம்மாவால் நிற்க முடியாது என்று சொன்னால் கதிரை தருவார்கள், சில இடங்களில் வேறு வாசலால் கூட்டிப் போவார்கள். கேட்க வெட்கப்படவே கூடாது, அந்த உதவிக்காகத்தான் அவர்கள் நிற்கிறார்கள். முன்பதிவு கேட்கும் இடங்கள் சிலதான், ஆனால் அவை கெதியாக நிரம்பிவிடும்.

எனக்கு மறக்க முடியாத இடம் ஆர். சி. ஹரிஸ் நீர் சுத்திகரிப்பு நிலையம். குவீன் தெரு கிழக்குக் கோடியில், ஏரிக்கரையில், தூரத்தில் இருந்து பார்த்தால் மாளிகை என்றுதான் நினைப்பீர்கள். 1941இல் வேலை செய்யத் தொடங்கி இன்றைக்கும் நகரத்தின் குடிநீரில் பெரிய பங்கை அதுதான் தருகிறது. உள்ளே பளிங்குக்கல் மண்டபம், நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் கீழே தண்ணீர் வடிகிற தொட்டிகள். நான் அம்மாவைக் கூட்டிப்போன வருடம், அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தத் தொட்டியையே பார்த்தபடி நின்றார். தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து அடிவரை பச்சையாகத் தெரிந்தது. "இதையே நாங்கள் பைப்பிலை குடிக்கிறது?" என்று கேட்டார். அங்கே வேலை செய்கிற ஒருவர் பக்கத்தில் வந்து, ஏரியில் இருந்து எடுத்து, மண்ணிலும் சரளையிலும் வடியவிட்டு, பிறகு குளோரின் கலக்கிற வரை சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டு முடித்துவிட்டு, எங்கள் ஊர்க் கிணறு இறைத்துச் சேறு அள்ளின பிறகு இரண்டு நாள் தெளியவிடுவதைப் பற்றி அவருக்குச் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் ஆர்வமாகக் கேட்டு, கிணறு எவ்வளவு ஆழம், உப்புத் தண்ணீர் வருமா என்று விசாரித்தார். இருபது நிமிடம் கதைத்தார்கள். இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடத்தில், ஒரு அதிகாரியிடம் அம்மா படிவம் நிரப்பாமல் கதைத்தது அன்றைக்குத்தான். அந்த நிலையம் இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 501 ஸ்ரீற்காரில் கடைசி வரை, நெவில் பார்க் வரை போய் இறங்குங்கள்.

நுயி பிளான்ஷ் வேறு மாதிரி. பாரிசில் 2002இல் தொடங்கியதைப் பார்த்து ரொறொன்ரோ 2006இல் எடுத்துக்கொண்டது. மாலை 7 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 7 மணிவரை தெருக்களிலும் சதுக்கங்களிலும் கட்டிடங்களுக்குள்ளும் கலைப்படைப்புகள் வைத்திருப்பார்கள். ஒக்ரோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கே இருட்டிவிடும், ஆகவே பிள்ளைகளோடு 7 முதல் 10 வரைதான் நல்ல நேரம். நள்ளிரவுக்குப் பிறகு இளம் ஆட்களின் கூட்டம் நெருக்கும், தள்ளுவண்டி அசையாது. வரைபடத்தில் கிட்டக் கிட்ட இருக்கிற மூன்று படைப்புகளைக் குறித்துக்கொண்டு அந்த மூன்றையும் ஆறுதலாகப் பாருங்கள். "இது என்ன, விளங்கவில்லையே" என்று அப்பா கேட்டால், பக்கத்தில் நிற்கிற தொண்டரிடமே கேட்கலாம், விளக்கம் சொல்வார்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் வெளிச்சத்துக்குள் ஓடி விளையாடுவார்கள். 2018இல் இது முதல் தடவையாக ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கும் வந்தது. உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்கிற வருடம் அங்கேயே போங்கள், சப்வே அலைச்சல் மிச்சம்.

நத்தார் மரத்துக்கு விளக்கேற்றுகிற குளிர்கால விழாவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. புது சிற்றி ஹோலைக் காட்டுவதற்காக 1967இல் தொடங்கியது. பாட்டு, விளக்கு, கீழே பனிச்சறுக்குத் தளம். தளத்தில் இறங்கக் காசில்லை, சறுக்குச் சப்பாத்து வாடகைக்குத்தான் காசு. பழைய சாமான் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்தால் குளிர்காலம் முழுக்கப் பயன்படும், ஏனென்றால் ஸ்காபரோ சிவிக் சென்ரர் பக்கத்து அல்பேட் கம்பல் சதுக்கத்திலும் இதே மாதிரி இலவசத் தளம் இருக்கிறது. பிள்ளைக்குத் தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள். வயதானவர்களுக்கு இரண்டு சோடிக் காலுறை, சப்பாத்துக்குள் இடம் இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் கால் இன்னும் கெதியாகக் குளிரும்.

எந்த விழாவுக்கும் பொதுவான சில விசயங்கள். சாப்பாட்டை வீட்டிலேயே கட்டுங்கள், உணவு வண்டிகளில் நாலு பேர் சாப்பிட்டால் மச்சாள் பயப்படுகிற அந்த ஐம்பது டொலர் உண்மையாகவே போய்விடும். புட்டும் சம்பலும் வெளியில் சாப்பிட வசதிப்படாது, றோல்ஸ், சான்ட்விச், உரித்த தோடம்பழம் நல்லது. கோடையில் வெறும் போத்தல் கொண்டு போங்கள், பெரிய விழாக்கள் பலவற்றில் நகரசபையின் குடிநீர் வண்டி நிற்கும், குழாய் திறந்து நிரப்பலாம். இறங்கியதும் முதல் வேலை கழிவறை எங்கே என்று பார்ப்பது, தேவைப்படும்போது தேடக்கூடாது. பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதின துண்டு ஒன்று இருக்கட்டும், அம்மம்மாவின் கைப்பையிலும் அதே துண்டு. சிற்றி ஹோலில் தவறிப் போனால் சந்திக்கிற இடமாக, அதன் முற்றத்தில் ரொறொன்ரோ என்று எழுதின அந்தப் பெரிய எழுத்துகளைச் சொல்ல வேண்டாம். எல்லோரும் படம் எடுக்க நிற்பது அதன் முன்னால்தான், கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. தெருவுக்கு அந்தப் பக்கம் பழைய சிற்றி ஹோல் மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், அதற்குக் கீழே என்று சொல்லுங்கள்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன் ஒரு தடவை பழகிப் பார்க்க வேண்டுமென்றால், பிரிம்லி தெருவில் தொம்சன் பார்க்குக்குள் இருக்கிற ஸ்காபரோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நகரசபையின் பத்து வரலாற்று அருங்காட்சியகங்களில் ஒன்று, பொது நுழைவு இலவசம். பழைய பண்ணை வீடும் மரக்கட்டை வீடும் பார்த்துவிட்டு வெளியே புல்லில் இருந்து சாப்பிடலாம், மாமி எவ்வளவு நேரம் நிற்பார் என்பதும் தெரிந்துவிடும். திறக்கிற நாட்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

விழா முடிந்து வரும்போது கையில் சின்னக் கணினியோடு ஒருவர் வந்து இரண்டு கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் இருந்து வந்தீர்கள் என்று கேட்பார்கள், ஸ்காபரோ என்று சொல்லுங்கள், எங்கள் பக்கமும் இன்னும் வையுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலரின் அலுவலகத்துக்கும் இதையே எழுதலாம், இரண்டு வரி போதும்.

மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். வருகிற டோர்ஸ் ஓப்பினுக்கு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கெனடி நிலையத்தில், மேலே பஸ் நிற்கிற இடத்தில் சந்திக்கிறோம். மாமியின் கார்ட்டை அதற்கு முந்தின கிழமையே மாற்றி வைக்க வேண்டும். மடக்குக் கதிரை நான் கொண்டுவருகிறேன்.