உறவுகளோடு யாழ்ப்பாணக் கடற்கரைகளும் தீவுகளும்: வருவோருக்கும் வரவேற்போருக்கும்

விமான ரிக்கற் எடுப்பதற்கு முதல் ஊரில் இருக்கும் மாமாவையோ சித்தியையோ கூப்பிட்டு, அந்த மாதத்தில் என்ன காற்று என்று கேளுங்கள். ஹோட்டல், வான், படகு எல்லாம் அதற்குப் பிறகு. யாழ்ப்பாணத்துக் கடலோரத்தில் குடும்பமாக நாலு நாள் வெளியில் திரிய நினைத்தால், எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும்.

கனடா, லண்டன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஓகஸ்டில். இங்கே அது சோழகக் காலம். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மே கடைசியில் தொடங்கினால் செப்டெம்பர் வரை நிற்காது. தீவுப்பகுதிக் கடல் அப்போது குமுறலாகத்தான் இருக்கும். படகில் ஆட்டம் அதிகம், சில நாட்களில் படகே ஓடாது. ஒக்டோபரில் மழை தொடங்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் அது உச்சம். புயல் வருவதும் இந்த மாதங்களில்தான். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையான காலத்தைச் சொல்வேன். மழை விட்டிருக்கும், கிணறுகள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகத் தொடங்கியிராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள் அந்தக் காலத்தைப் பிடியுங்கள்.

ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தீவுகளுக்கு வைத்திருந்த நாட்களில் இரண்டைத் திருகோணமலைக்கு மாற்றுங்கள். கிழக்குக் கரையில் அந்த மாதங்களில் கடல் அடங்கியிருக்கும். நிலாவெளியில் சின்னப் பிள்ளைகளும் பயமில்லாமல் கால் நனைக்கலாம். எதிரே இருக்கும் புறாமலையில் பவளப்பாறைகளுக்கு மேலே மிதந்தபடி மீன் பார்க்கலாம். அது தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு உண்டு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் அதிகம். பவளத்தில் காலை ஊன்றக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படகில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வானில் ஏறக்குறைய ஐந்து மணி நேர ஓட்டம், ஆகவே ஒரு இரவாவது அங்கே தங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குள் என்றால், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முதல் நாள் காரைநகர் கசூரினாதான் நல்லது. கரையிலிருந்து வெகு தூரத்துக்கு ஆழமில்லாத கடல், சவுக்கு மர நிழல், உடுப்பு மாற்ற இடம். வேலணைப் பக்கம் போகிறவர்களுக்குச் சாட்டிக் கடற்கரை கிட்ட. கீரிமலைக் கேணி வயதானவர்களுக்கு. கடலுக்கு ஓரடி தள்ளி நன்னீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்தால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. குளிக்கப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிருங்கள். மணற்காட்டின் மணல் மேடுகளைப் பொழுது சாயும்போது பார்க்க வேண்டும். அங்கே பிள்ளைகள் மணலில் உருண்டு விளையாடட்டும், கடலில் இறக்காதீர்கள். வடமராட்சி கிழக்கு திறந்த கடல், கசூரினாவைப் போல நினைத்து இறங்கினால் ஆபத்து.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து படகில் இன்னொரு மணி நேரம். காலைப் படகைப் பிடிக்க விடிய முதல் வெளிக்கிட வேண்டும். படகு நேரம் அடிக்கடி மாறும். முதல் நாள் மாலையே துறையடியில் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு வையுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதையும் இறங்கும்போதே கேளுங்கள், அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். தீவுக்குள் ஒரு ஓட்டோவோ சின்ன வாகனமோ பேசிக்கொண்டால் பவளக்கல் மதில்கள், பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, மேய்ந்து திரியும் குதிரைகள் எல்லாம் பார்க்கலாம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழையலாம். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். குதிரைகள் பழக்கப்பட்டவை அல்ல. படம் எடுக்கலாம், கிட்டப் போய்த் தடவக் கூடாது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். 1985 மே 15 அன்று இந்தக் கடலில் குமுதினிப் படகில் போன நெடுந்தீவு மக்கள், பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அந்தத் தீவில் நினைவிடம் உண்டு. படகில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவர்களில் ஒருவரின் உறவாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் அந்தத் துறையில் இறங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மம்மாவால் நெடுந்தீவுப் பயணம் தாங்காது என்றால் நயினாதீவு போதும். அதே துறையிலிருந்து படகில் இருபது நிமிடத்துக்குள் நாகபூஷணி அம்மன் வாசல். பாதுகாப்பு அங்கி தந்தால் வெயில், புழுக்கம் என்று கழற்றாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் வேண்டாம். காலை ஆறு மணிக்குள் வெளிக்கிட்டால் பத்து மணிவரை வெளியில் நிற்கலாம். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வீட்டு விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் படுக்கட்டும். கதையெல்லாம் அந்த நேரத்தில்தான் வரும்: யார் யாருக்கு என்ன முறை, எந்தக் கிணறு யார் வெட்டியது, யார் எந்த ஆண்டு எந்த வழியால் வெளிநாடு போனார்கள். நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியில். இப்படி விட்டால்தான் வந்த பிள்ளைகளும் இங்கத்தைய பிள்ளைகளும் ஒருவரோடொருவர் ஒட்டுவார்கள். தமிழ் சரளமாக வராத பிள்ளையைப் பெரியவர்கள் சுற்றியிருந்து கேள்வி கேட்டால் அது வாயே திறக்காது. மச்சானோடு கடலுக்குள் இறக்கி விடுங்கள், அரை மணியில் "இங்க வா, அங்க பார்" என்று தானாகக் கதைக்கும்.

ஒரு நாளை ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழுக்கென்று ஒதுக்குங்கள், அதுவும் கடற்கரை மரத்தடியில். முதல் நாளே கேட்டு வையுங்கள், ஏனென்றால் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகள் நிறைய. அப்படியானால் கொடியேற்றத்துக்கு முதல் வையுங்கள், இல்லாவிட்டால் மரக்கறிக் கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். மூன்று கல் அடுப்பில் பெரிய பானை. கொதிக்கும் தண்ணீரில் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயித்தங்காய் முதலில் வேகட்டும். பிறகு நண்டு, இறால், மீன். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்து வாசம் வந்த பிறகுதான் கரைத்த மா. அப்போதிலிருந்து அகப்பையை நிறுத்தாமல் துழாவ ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையை வந்த பெடியன் ஒருவனுக்குக் கொடுங்கள். கடைசியாக முருங்கையிலை. கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா கோலித் தர ஊரில் யாராவது ஒரு பெரியவர் இருப்பார். பிள்ளைகளுக்கு உறைப்புக் கூடாமல் ஒரு சின்னச் சட்டியில் வேறாக எடுத்து வையுங்கள். முடிந்த பிறகு நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, பிளாஸ்ரிக் எல்லாம் ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள்.

இனிச் செலவு. வரவேற்கிற வீட்டார் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நீங்கள் கேட்டாலும் "அதெல்லாம் பரவாயில்லை" என்பார்கள். எட்டுப் பேர் பத்து நாள் நின்றால் காஸ், மீன், தண்ணீர்ப் போத்தல், மின்சாரம் என்று அந்த வீட்டின் மாதச் செலவே இரண்டு மடங்காகும். சாரதியோடு வானை நீங்களே பேசி, நீங்களே காசு கட்டுங்கள். வீட்டு ஆட்களுக்கும் இடம் இருக்கும்படி பெரிய வானாகப் பேசுங்கள். கடைசி நாளில் கவரில் காசு வைத்துக் கொடுப்பதை விட, முதல் வாரத்திலேயே சந்தைக்குக் கூடப் போய்ச் சாமான் வாங்கிப் போடுவது அவர்களுக்கும் கூச்சமில்லாத வழி. இன்னொன்று, மாமி சமையலறையிலேயே நின்றுவிட விடாதீர்கள். கடற்கரைக்குப் போகும் நாளில் இடியப்பத்தையும் சம்பலையும் கடையில் கட்டிக்கொண்டு அவரையும் வானில் ஏற்றுங்கள். ஊரில் இருந்தும் கசூரினாவுக்குப் போய் எத்தனையோ வருடம் என்று சொல்லும் மாமிமார் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

வரவேற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தவர்களுக்கு விருந்து மேல் விருந்து வைக்காதீர்கள். முதல் இரண்டு நாள் புட்டு, சொதி, கொதித்தாறிய தண்ணீர் போதும். வயிறு பழகிய பிறகு மற்றவை. பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்று தாயிடம் முதலிலேயே கேளுங்கள். நண்டும் இறாலும் கச்சானும் நாங்கள் யோசிக்காமல் கொடுப்பவை.

பாதுகாப்பு விஷயத்தில் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். வடக்கில் மிதிவெடி அகற்றாத நிலம் இன்னும் இருக்கிறது. சிவப்பில் மண்டையோடு போட்ட பலகையையோ நாடாவையோ கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடி வேண்டாம், பற்றைக் காணிக்குள் பந்து போனாலும் விட்டுவிடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டுத் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் முற்றத்தில் இறங்க ரோர்ச் கட்டாயம், புடையன் பாம்பு உள்ள ஊர். மழைக் காலத்தில் டெங்கு இருக்கும், நுளம்பு பகலிலும் கடிக்கும். பூசும் மருந்தை மறக்காதீர்கள். அவசரத்துக்கு 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள்.

பெட்டி கட்டும்போது கடலுக்குள் போட்டு நடக்கக்கூடிய சப்பாத்து, நீண்ட கை உடுப்பு, தொப்பி, வெயில் கிறீம் வையுங்கள். கோவிலுக்குப் போகும் நாளுக்கு வேட்டியும் பாவாடையும் வேறாக வேண்டும், கடல் உடுப்போடு வாசலைத் தாண்ட முடியாது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் தலைமயிர் உலர்த்தியைக் கொண்டுவர வேண்டாம். இங்கே 230 வோல்ட், அது எரிந்துபோகும். இலங்கைக்குள் வருவதற்கான இணையவழிப் பயண அனுமதியை (ஈ.டி.ஏ.) வெளிக்கிட முதலே அரசாங்க இணையத்தளத்தில் எடுத்துவிடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் பகலே கட்டுநாயக்காப் பக்கம் வந்து சேரும்படி ரயிலோ வானோ பதியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கடற்கரைப் பயணங்கள் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே முடியட்டும், நனைந்த துவாயெல்லாம் காயவும் ஒரு நாள் வேண்டும்.