கலிஃபோர்னியா பார்: நன்னடத்தை விண்ணப்பத்தில் சறுக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவில் பார் தேர்வில் தேறினால் மட்டும் வக்கீலாகிவிட முடியாது. நன்னடத்தை உள்ளவர்தானா என்பதை, வக்கீல்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான ஸ்டேட் பார் தனியாக விசாரித்து முடிவு செய்யும். அதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. பழைய தப்பு ஒன்று இருந்தாலே கதவு அடைபட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் தப்பைவிட, அதை மறைத்ததும் மழுப்பியதும்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது.

நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்ட பழைய தண்டனையைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பது பெரிய தவறு. மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 1203.4 பிரிவில் கிடைக்கும் தள்ளுபடி உத்தரவு, உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் கேள்வி வந்தால் சொல்லியாக வேண்டிய கடமையிலிருந்து விடுவிக்காது. கைரேகை எப்படியும் பழைய பதிவைக் காட்டிக்கொடுக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு குடிபோதை டிரைவிங் வழக்கு தன்னளவில் தடையாவது அரிது. அதை எழுதாமல் விட்டதோ நேற்றைய பொய்யாகிவிடும்.

இதே கதைதான் லா ஸ்கூல் விண்ணப்பத்திலும். அன்று சேர்க்கைக்காக எழுதாமல் விட்ட வழக்கை இன்று பாரிடம் எழுதினால் இரண்டும் முரண்படும். முதலில் லா ஸ்கூலுக்கு எழுத்துமூலம் திருத்தம் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கே எழுதுங்கள்.

விளக்கம் எழுதும்போது தேதி, நீதிமன்றம், வழக்கு எண், நடந்தது, தண்டனை, அதை முடித்த நாள் எல்லாம் இருக்கட்டும். 'நண்பர்கள் இழுத்துவிட்டார்கள்' என்ற தொனி வேண்டாம். தப்பை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் அது படிக்கப்படும்.

ஸ்டீபன் கிளாஸ் வழக்கைப் பார்த்தால் இது புரியும். பத்திரிகையாளராக இருந்தபோது கற்பனைச் செய்திகளை உண்மைபோல் எழுதியவர். 2014 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவரைச் சேர்க்க ஒருமனதாக மறுத்தது. பழைய புளுகுகள் மட்டும் காரணமல்ல. முன்பு நியூயார்க் பாருக்கு விண்ணப்பித்தபோது, பொய்களைக் கண்டுபிடிக்கத் தான் பத்திரிகைகளுக்கு எவ்வளவு உதவினேன் என்பதை மிகைப்படுத்தியிருந்தார். திருந்தியதற்கு அவர் காட்டியவற்றில் பெரும்பகுதி தன் நலன் சார்ந்தது என்றும் நீதிமன்றம் கருதியது. அதே மாதம்தான் அதே நீதிமன்றம் குடியேற்ற ஆவணம் இல்லாத செர்ஜியோ கார்சியாவைச் சேர்த்துக்கொண்டது. ஆவணம் இல்லாதது தடையாகவில்லை, நேர்மையில்லாததுதான் தடையானது என்பதால் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கடன் இருப்பதோ திவாலானதோ தானாகத் தகுதியிழப்பு ஆகாது. கட்டாமல் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் கேள்வியாகும், குழந்தை ஜீவனாம்ச பாக்கி முக்கியமாக. மனநல சிகிச்சை பெற்றதை எண்ணி யாரும் தயங்க வேண்டாம்: 2020 முதல் மருத்துவப் பதிவுகளை ஸ்டேட் பார் கேட்க முடியாது, உங்கள் பக்கத்து ஆதாரமாக நீங்களே முன்வைத்தால்தான் விதிவிலக்கு.

இந்தியாவில் பதிவுசெய்த வக்கீல்கள் பெயரில் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும், டிகிரியில் இனிஷியலாகவும், பார் கவுன்சில் சான்றில் வேறு எழுத்துக்கூட்டிலும் இருக்கும். பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் எழுதிவிடுங்கள்.

காலக்கணக்கில் தவறுபவர்களும் ஏராளம். விசாரணைக்குக் குறைந்தது 180 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். வக்கீலாக வேண்டிய தேதிக்கு 8 முதல் 10 மாதம் முன்பே அனுப்புவது உத்தமம். கைரேகை போய்ச் சேராமல் விண்ணப்பம் முழுமையாகாது. அனுப்பிய பிறகு புதிய வழக்கு, வேலை நீக்கம், முகவரி மாற்றம் எதுவானாலும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சாதகமான முடிவு 36 மாதம் செல்லுபடியாகும். அதற்குள் தேர்வு தேறாதவர்கள் நீட்டிப்பு கேட்க வேண்டியிருக்கும். மறுத்தால் 60 நாளுக்குள் ஸ்டேட் பார் நீதிமன்றத்தில் விசாரணை கேட்கலாம். அதை விட்டுவிட்டால், மறுபடி விண்ணப்பிக்கப் பொதுவாக இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.