சொந்தத் தளத்துக்கு இலவசப் பதிவேடும் மின்னஞ்சல் பட்டியலும்

ஊர்ப் படங்கள், கவிதை, அப்பப்பாவின் பழைய கடிதங்கள் என்று சொந்தமாக ஒரு தளம் வைத்திருந்தால் இரண்டு வசதி தேவைப்படும். வந்துபோகிற ஆக்கள் நாலு வரி எழுத ஒரு விருந்தினர் பதிவேடு. புதிதாக ஏதும் போட்டால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறவர்களுக்கு அறிவிக்க ஒரு மின்னஞ்சல் பட்டியல்.

எந்தச் சேவையிலும் கணக்குத் திறக்க முதல், சேர்ந்த தரவை எப்படி வெளியே எடுப்பது என்று பாருங்கள். சீஎஸ்வீ கோப்பாக (எந்த அட்டவணைச் செயலியிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு) இறக்க வழியில்லை என்றால் அந்தச் சேவை எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். மின்னஞ்சல் பட்டியல் நடத்திய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. செய்திமடல் சேவையான டைனிலெட்டர் 2024 பெப்ரவரியில். இலவசச் சேவைக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது.

முதலில் பதிவேடு. தளம் வைக்கக் கிடைக்கும் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களில், சேவையகத்தில் இயங்கும் பிஎச்பி நிரல் ஓடாது. எழுதுவதைச் சேமிக்க வேறோர் இடம் வேண்டும். பக்கத்தில் கருத்துப் பெட்டி வைக்கும் கிஸ்கஸ் நல்ல கருவிதான், விளம்பரமும் இல்லை. ஆனால் எழுதுகிறவருக்குக் கிட்ஹப் கணக்கு இருக்க வேண்டும். வாழ்த்துச் சொல்ல வந்த பெரியம்மா அதற்காகக் கணக்குத் திறக்கமாட்டா. அதே வேலை செய்யும் டிஸ்கஸின் இலவசத் திட்டம் உங்கள் பக்கத்தில் விளம்பரம் போடும். சிறிய தளத்துக்குக் கூகிள் படிவமே போதும்.

படிவத்தில் பெயர், இருக்கும் இடம், செய்தி என்று மூன்றே கேள்வி வையுங்கள். பதில்களைக் கூகிள் ஷீட்டுடன் இணையுங்கள். பதில் விழும் தாளில் கடைசி நிரலுக்கு அடுத்ததாக 'அனுமதி' என்றொரு நிரல் சேருங்கள். வாசித்துப் பார்த்துப் பிடித்த வரிகளுக்கு நேரே 'சரி' என்று எழுதுவது உங்கள் வேலை. இரண்டாவது தாளில் ஃபில்டர் சூத்திரம் போட்டு, 'சரி' உள்ள வரிகளை மட்டும் இழுங்கள். பிறகு 'இணையத்தில் வெளியிடு' என்பதில் அந்த இரண்டாவது தாளைத் தெரிவுசெய்து, கிடைக்கும் எச்டிஎம்எல் துண்டைத் தளத்தில் ஒட்டுங்கள். பலர் பிழைவிடும் இடம் இதுதான்: அந்தப் பெட்டியில் முழு ஆவணமும் தெரிவாகி இருந்தால், நீங்கள் நிறுத்திவைத்த குப்பையும் சேர்ந்து வெளியே போகும். புதிய வரி தளத்தில் தெரியச் சில நிமிடம் பிந்தும். பழுதென்று நினைத்துத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டாம்.

குப்பைப் பதிவுகளைத் தடுக்க நாலாவதாக ஒரு கேள்வி வைக்கலாம்: 'நல்லூர்த் திருவிழா எத்தனை நாள்?' பதில் சரிபார்ப்பில் எண், சமம், 25 என்று கொடுங்கள். விடை இலக்கமாக இருந்தால் தமிழில் தட்டச்சுத் தெரியாதவரும் தடங்கலின்றி எழுதுவார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒட்டிய செய்தி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நிற்கும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. அதை ஸ்பாம் என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு மாற்றியில் போட்டால் நல்ல தமிழ் வரும்.

பிஎச்பி ஓடும் இடத்தில் சொந்தமாகப் பதிவேடு எழுதுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். 'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். நீள எல்லையைப் பைட்டில் 200 என்று வைத்தால் தமிழ்ச் செய்தி இரண்டாவது வரியிலேயே வெட்டுப்படும், கடைசி எழுத்தும் உடைந்து கேள்விக்குறியாகும். மைஸீக்வல் தரவுத்தளத்தில் எழுத்துமுறையாக 'யூடிஎஃப்8எம்பி4' வையுங்கள். பழைய 'யூடிஎஃப்8' ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் தப்பும், அதோடு வந்த இமோஜி தப்பாது.

இனி மின்னஞ்சல் பட்டியல். முப்பது நாற்பது பேர் என்றால் ஜிமெயிலில் பிசிசியே (பெறுபவர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாத பெட்டி) போதும். முகவரிகளைத் தவறுதலாக 'பெறுநர்' பெட்டியில் போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும். இலவச ஜிமெயிலில் நாளுக்கு 500 பேர் எல்லை.

அதற்கு மேல் கூகிள் குழுமம். அமைப்பில் 'யார் பதிவிடலாம்' என்பதை நிர்வாகிகள் மட்டும் என்று மாற்றாவிட்டால், ஒருவர் எழுதும் 'நன்றி' எல்லாருடைய பெட்டிக்கும் போகும். பிறகு 'என்னை நீக்குங்கோ' என்று பத்துப் பேர் எழுதுவார்கள்.

பிரெவோ போன்ற செய்திமடல் சேவை வடிவமைப்பும், எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கும் தரும். அதன் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 300 மடல். 400 பேர் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அனுப்புநராக ஜிமெயில் முகவரியைக் கொடுக்காதீர்கள். வேறு சேவையூடாக ஜிமெயில் பெயரில் போகும் மடலை, 2024இல் கூகிளும் யாஹூவும் இறுக்கிய விதிகளின் பிறகு ஸ்பாமில்தான் தேடவேண்டி வரும். சொந்த டொமைன் (தளப் பெயர்) எடுத்து, மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை அதில் போடுங்கள். டொமைன் இலவசமில்லை, இதில் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் அது. இப்படியான சேவைகள் மடலின் அடியில் தபால் முகவரியும் கேட்கும். வீட்டு இலக்கத்தைப் போடுமுன் யோசியுங்கள்.

பதிவேட்டில் எழுதியவரைக் கேளாமல் பட்டியலில் சேர்க்கக்கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேர விரும்புகிறவர் தன் பெட்டிக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்யும் முறையை இயக்குங்கள். பிழையாகத் தட்டிய முகவரிகளும் அதிலேயே கழியும்.

மடல் அனுப்ப இலங்கை நேரம் மாலை 7 மணி பொருத்தம். கோடையில் அப்போது இலண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30.

மாதக் கடைசியில் பதிவேட்டையும் பட்டியலையும் சீஎஸ்வீயாக இறக்கி வையுங்கள். அதை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் தமிழ் கிறுக்கலாகத் தெரியக்கூடும். கோப்பு பழுதாகவில்லை, சேமிக்காமல் மூடிவிட்டு, 'டேட்டா' பகுதியில் இறக்குமதி செய்து 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.