மலை அம்பலத்தில் ஓர் இரவு: திருகோணமலையிலிருந்து புறப்படுவோருக்கு

திருகோணமலைக்காரருக்கு மலை என்றதும் நினைவுக்கு வருவது கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைதான். சிறிது நேரத்தில் ஏறி, கும்பிட்டு, கடற்காற்று வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அந்தப் பழக்கத்தில், சிவனொளிபாதமலைக்குப் போய் வழியில் யாத்திரிகர் தங்கும் மடமான அம்பலத்தில் ஓர் இரவு தங்க விரும்புவோர் பாதையைப் பற்றியும் படிகளைப் பற்றியும் விசாரிப்பார்களே தவிர, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. உண்மையில் அந்த இரவு நன்றாகக் கழிவதும் கெடுவதும் குளிரால்தான்.

சிங்களத்தில் 'அம்பலம' என்று சொல்லப்படும் இந்த மடங்களைத் தில்லை அம்பலத்தோடு சேர்த்து நினைத்துக்கொண்டு போக வேண்டாம். மேலே கூரை, கீழே சீமெந்துத் தரை, அவ்வளவுதான். முன்பதிவோ கட்டிலோ கிடையாது. ஹட்டன் பக்கமாக ஏறும் நல்லதண்ணிப் பாதையில் பருவகாலத்தில் கடைகளும் விளக்குகளும் இருப்பதால், பலர் நள்ளிரவில் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சியைத் தொட்டுவிடுகிறார்கள்; அங்கே தங்க வேண்டிய தேவை குறைவு. இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தலவிலிருந்து ஏறும் பாதை நீளமானது, காடு அடர்ந்தது, ஆள் நடமாட்டமும் குறைந்தது. அந்த வழியில் ஹெரமிட்டிபான போன்ற ஓரிடத்தில் இரவைக் கழித்து, விடியுமுன் மகாகிரிதம்ப என்னும் செங்குத்தான கடைசி ஏற்றத்தை ஏறுவதே உடம்புக்கு நல்லது.

பருவகாலம் டிசம்பர் போயா என்னும் முழுநிலவு நாள் தொடக்கம் மே மாத வெசாக் போயா வரை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரையான வார நாட்களையே நான் பரிந்துரைப்பேன். போயாவை ஒட்டிய விடுமுறைகளில் அம்பலத்தில் கால் நீட்ட இடம் கிடைக்காது. பருவம் முடிந்த பிறகோ வெளிச்சமும் தேநீரும் துணையும் இல்லாமல், மழையும் அட்டையும் மட்டுமே இருக்கும். இங்கிருந்து இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய், காலையில் இரத்தினபுரி பேருந்து பிடிப்பவர்கள், அன்றைக்கே ஏறத் துடிக்காமல் இரத்தினபுரியில் ஒரு நாள் தங்கி, மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்கட்டும். பிற்பகல் நான்கு மணிக்குள் அம்பலத்தை அடைந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். மலையில் ஆறரை மணிக்கே இருட்டிவிடும். பிந்தி வருபவருக்கு வாசலோரம்தான் கிடைக்கும்.

இனிக் குளிர். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். மலையுச்சியின் உயரம் 2,243 மீற்றர். ஆகவே திருகோணமலைக் கடற்கரையில் இரவில் 25 பாகை இருக்கும்போது உச்சியில் பத்துப் பாகையளவுதான் இருக்கும். காற்று அடித்தால் அதைவிடக் குளிராக உணர்வீர்கள். ஆனால் முதல் எதிரி காற்றல்ல, நமது வியர்வை. ஏறும்போது உடம்பு கொதிப்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நனைந்த பெனியன் முதுகில் பனிக்கட்டி போல ஒட்டும். ஆகவே அம்பலத்தை அடைந்ததும், தேநீருக்கு முன், படம் எடுப்பதற்கு முன், உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். மாற்றுடையை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் கட்டி, பையின் நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள். கம்பளித் தொப்பியும் காலுறையும் இரவுக்கென்று தனியாக இருக்கட்டும்.

இரண்டாவது எதிரி தரை. முதல் தடவை நான் தடித்த போர்வை ஒன்றை நம்பிப் போய், வெறும் சீமெந்தில் படுத்து, அதை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நள்ளிரவு தாண்டியதும் இடுப்பெலும்பு விறைத்து விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த கிழவி நான் புரள்வதைப் பார்த்துவிட்டு, தன் தலைமாட்டில் இருந்த பிஸ்கட் பெட்டி மட்டையை என் பக்கம் தள்ளி, "புதே, பிம சீதலய்" என்றாள். 'மகனே, தரை குளிர்' என்று பொருள். அந்த மட்டை செய்த வேலையைப் போர்வை செய்யவில்லை. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இப்போது பிரித்து மடித்த காட்போட் மட்டை, அதன்மேல் நம் ஊர்ப் பன்பாய், அதற்கும் மேல் இரட்டையாக மடித்த சாரம் என்று விரிக்கிறேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமைக்க நினைக்காதீர்கள்: அந்த உயரத்தில் நீர் நூறு பாகைக்கு முன்பே கொதித்துவிடுவதால் பருப்பு வேகக் கூடுதல் நேரமெடுக்கும், காப்புக்காட்டில் விறகு பொறுக்கித் தீ மூட்டுவதும் கூடாது. அவல், கச்சான், பனங்கட்டி, பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டு ஆகியவை போதும். மச்சமும் மதுவும் மலைக்கு ஆகாதவை. ஓடைநீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சுத்திகரிப்பு மாத்திரை போடாமல் குடிக்க வேண்டாம்.

அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்ப்பதும் சித்தாலேப என்னும் மூலிகைத் தைலம் பூசுவதும் ஓரளவு உதவும். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல், வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்து வழித்து விடுங்கள். இரத்தம் உறையாதபடி ஒரு பொருளை அது செலுத்திவிடுவதால் சிறிது நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வேறு: உங்களோடு வந்தவர் நடுங்கிக்கொண்டே பேச்சுக் குழறினால், அல்லது உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால், உடனே ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, இருவர் நடுவில் படுக்க வைத்து, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். அவரை மேலே ஏற்றக் கூடாது.

உள்ளே போகும்போது செருப்பை வெளியே விட்டு, "இட தியெனவாத?" என்று கேளுங்கள். 'இடம் இருக்கிறதா' என்ற அந்த ஒரு கேள்விக்கே பெரும்பாலும் நாலு பேர் நகர்ந்து உட்காருவார்கள். வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு வந்தவர்களுக்கும் சுவரோரத்தை விட்டுக்கொடுங்கள். எட்டு மணிக்கே பலர் உறங்கிவிடுவார்கள். அதன் பிறகு டோர்ச்சைக் கீழ்நோக்கியே பிடியுங்கள். சூரிய உதயம் பார்க்க இரண்டு மணிக்கே எழும்புகிறவர்கள் பொலித்தீன் பையைச் சரசரவென்று கிண்டி மற்றவர்களை எழுப்பிவிடுவது எல்லா அம்பலத்திலும் நடக்கிறது. தேவையானதை முன்னிரவிலேயே எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

புறப்படும்போது படுத்த இடத்தைக் கூட்டி, குப்பையை உங்கள் பையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். மட்டை நனையாமல் இருந்தால் இறங்கும் வழியில் எதிரே ஏறி வருகிறவர்களில் பாயில்லாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். நான் கொடுத்த இரண்டு தடவையும் வாங்கியவர்கள் எதற்கென்று விளங்காமல்தான் விழித்தார்கள்.