பழைய ஃபோர்டு லாரியை உழவு டிராக்டராக மாற்றுவது எப்படி?

1930களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் புது டிராக்டர் வாங்கக் கையில் காசில்லாத விவசாயிகள், கொட்டகையில் கிடந்த காரையும் லாரியையும் வெட்டி ஒட்டி உழவுக்கு இறக்கினார்கள். அந்த வண்டிக்கு 'டூடுல்பக்' என்று செல்லப்பெயர். சியர்ஸ் நிறுவனம் இதற்கான உதிரிபாகத் தொகுப்பைத் தபாலிலேயே விற்றது. அந்த வண்டியை எப்படிக் கட்டுவது என்று, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

படி 1: வண்டி

ஃபோர்டு ஏஏ லாரி ஒன்று, அதே காலத்து ஃபோர்டு மாடல் ஏ காரின் கியர்பாக்ஸ் ஒன்று. இரண்டுக்கும் ஒரே 3.3 லிட்டர் எஞ்சின், 40 குதிரைத்திறன். உழவுக்கு அது தாராளம். இதற்கு முந்தைய மாடல் டி-யிலும் கட்டினார்கள். ஆனால் 20 குதிரைத்திறனும் இரண்டே கியரும் வைத்துக்கொண்டு மல்லாட வேண்டும். முதல்முறை கட்டுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேபின், பின்தொட்டி, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டரையும் விசிறியையும் மட்டும் தொடாதீர்கள். வயலில் வண்டி ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று இருக்காது, எஞ்சினைக் குளிர்விக்க விசிறி ஒன்றுதான் துணை.

படி 2: இரண்டு கியர்பாக்ஸ்

டூடுல்பக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கார் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போது, முதல் கியரில்கூட மாடல் ஏ கார் மணிக்கு 18 கிலோமீட்டர் போய்விடும். அந்த வேகத்தில் கலப்பையைப் பூட்டினால் உழவும் நடக்காது, கிளட்சும் மிஞ்சாது.

அதனால் எஞ்சினுக்குப் பின்னால் காரின் மூன்று கியர் பெட்டி, அதற்குப் பின்னால் லாரியின் நான்கு கியர் பெட்டி. கணக்கைப் பாருங்கள். காரின் முதல் கியர் சுமார் 3.1 மடங்கு வேகத்தைக் குறைக்கும். லாரியின் முதல் கியர் 6.4 மடங்கு. சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்சிலும் வேகத்தைக் குறைக்கும்; ஏஏ ஆக்சிலில் 6.6 மடங்கு குறைப்பதாகத் தேடி எடுங்கள். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 131. அதே 1500 சுற்றில் பின்சக்கரம் நிமிடத்துக்குப் பதினொன்றரை முறைதான் சுழலும், மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாத ஆமை நடை. லாரிப் பெட்டியை மட்டும் இரண்டாவது கியருக்கு மாற்றினால் மூன்றரை கிலோமீட்டர். உழவுக்கு அது கச்சிதம்.

பெட்டிகளை இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். முன்பெட்டி பெருக்கிக் கொடுக்கும் முறுக்குவிசை முழுவதும் பின்பெட்டியின் தலையில்தான் விழும். கனமான பல் உள்ளதுதான் அங்கே தாங்கும். இரண்டையும் இணைக்க, இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) உள்ள குட்டி ஷாஃப்ட் ஒன்றை லேத் பட்டறையில் செய்து வாங்குங்கள். பின்பெட்டியை சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நன்றாக இறுக்குங்கள். அதற்குத் தனி கிளட்ச் இல்லாததால் வண்டி நின்ற பிறகுதான் அதன் கியரை மாற்ற வேண்டும்.

ஒரு வேடிக்கை: இரண்டு பெட்டியையும் ரிவர்ஸில் போட்டால் வண்டி முன்னால் போகும்!

படி 3: சேஸிஸைக் குறுக்குதல்

ஏஏ லாரியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 131 அங்குலத்துக்குச் சற்று அதிகம். வரப்போரம் திரும்ப அது ரொம்ப நீளம். 90 அங்குலம் அளவுக்குக் குறைக்கலாம். ரொம்பக் குறைத்துவிட்டால் முன்பக்கம் தூக்கும். வெட்டிய சட்டங்களை முனைக்கு முனை வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஓரடியாவது படியவைத்து, போல்ட் போட்டு இறுக்குங்கள். பின்பக்க ஷாஃப்டையும் அதை மூடியிருக்கும் குழாயையும் ஒரே அளவில் குறைக்க வேண்டும். பிரேக் கம்பிகளையும் மறக்காதீர்கள்: இந்த வண்டியில் ஆயில் பிரேக் கிடையாது, எல்லாம் கம்பிதான்.

படி 4: பாரமும் கொக்கியும்

பின் ஆக்சிலுக்கு மேல் ஒரு பெட்டி அடித்துக் கல்லை நிரப்புங்கள், டயரில் சங்கிலி சுற்றுங்கள். பிடிமானத்துக்கு அது போதும்.

கொக்கி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கலப்பையை மாட்டும் இடம் பின் ஆக்சிலின் மட்டத்துக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். மேலே மாட்டினால், கலப்பை வேரில் சிக்கிய நொடியில் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கக் கவிழும்.

படி 5: வெள்ளோட்டம்

முதலில் கலப்பை இல்லாமல் ஓட்டுங்கள். இந்த லாரியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே கைத்திராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) உண்டு. அதை ஒரு நிலையில் வைத்துவிட்டால் காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டாம். அப்புறம் இளகிய மண்ணில் கலப்பையை இறக்குங்கள். இரண்டு பெட்டியும் முதல் கியரில் இருக்கும்போது வண்டி சிக்கினால் ஆக்சிலை முறுக்கேற்றாமல் உடனே கிளட்சை மிதியுங்கள். டயர் வழுக்காத அளவுக்குப் பாரம் ஏற்றியிருந்தால் அடுத்து உடைவது ஆக்சில் ஷாஃப்ட்தான். ஒரு சால் ஓட்டி முடித்ததும் இறங்கி, சேஸிஸ் போல்ட்டுகளை எல்லாம் மறுபடி ஒரு சுற்று இறுக்கிவிட்டு அடுத்த சாலுக்குப் போங்கள்.